பூட்டத் தெரிந்த சட்டத்துக்குப் பார்க்கத் தெரியவில்லை

நாலந்தாவில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் கமக்காரர், தோட்டத் தொழிலாளர், ஆசிரியர், உத்தியோகத்தர் முன்னிலையில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை



வாக்குக் கேட்பதற்காக நான் இங்கு வரவில்லை. உங்கள் உள்ளங்காலைப் பற்றியும், உங்கள் தாயின் கையிலுள்ள பழைய தீத்தழும்பைப் பற்றியும் பேச வந்திருக்கின்றேன். வழக்காடுகிறவனுக்கு வைத்தியத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நோயைக் குணமாக்குவது வைத்தியரின் தொழில். நோயாளி வைத்தியரைச் சென்றடையும் வழியைத் திறப்பதும் மூடுவதும் அரசின் தொழில். அந்த வழி மூடப்பட்ட காலத்தில் என்ன நேர்ந்தது என்று கணக்குக் கேட்பது குடிமக்களாகிய நம் தொழில். அந்தத் தொழிலைத்தான் இன்று மாலை நாம் செய்யப் போகின்றோம்.

தோலுக்கும் அரசியலுக்கும் உள்ள தொடர்பு இன்று நேற்று வந்ததன்று. இலண்டன் நகரிலே புகைபோக்கிகளுக்குள் இறங்கிச் சுத்தஞ்செய்த ஏழைச் சிறுவர்களுக்குப் பிற்காலத்தில் தோலிலே புற்றுநோய் வருவதையும், அதற்குப் புகைக்கரியே காரணம் என்பதையும் 1775ஆம் ஆண்டில் பெர்சிவல் பொட் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் எழுதினார். தொழில் காரணமாக வரும் புற்றுநோயை உலகம் அறிந்துகொண்டது அப்போதுதான். 13 ஆண்டுகள் கழிந்து, 1788இல், எட்டு வயது நிரம்பாத சிறுவரை அத்தொழிலில் சேர்க்கலாகாது என்று பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டம் செய்தது. ஆக, ஏழையின் தோலில் தோன்றும் புண்ணைச் சட்டமன்றத்தின் முன் வைத்துப் பேசுவது புதிய வழக்கமன்று.

மூன்று கூற்றுக்களை உங்கள் முன் வைத்து நிறுவ விரும்புகின்றேன். முதலாவது: தோல் புற்றுநோய் நமக்கும் உரிய நோய். இரண்டாவது: 2020 முதல் 2022 வரையில், கண்ணாலே காணக்கூடிய இந்த நோயைக் காணும் வழி அறுந்து போயிற்று. மூன்றாவது: அது அறுந்ததற்கு நோய்க்கிருமி மட்டும் காரணமன்று; நம் சட்டத்திலுள்ள ஒரு வெற்றிடமும் காரணம்.

நமக்கு வராது என்னும் நம்பிக்கை

தோல் புற்றுநோய் வெள்ளைக்காரரின் நோய் என்று நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். அதிலே பாதி உண்மை இருக்கின்றது. நமக்குக் கருநிறம் தருகின்ற மெலனின் என்னும் பொருள் வெய்யிலின் புறஊதாக் கதிருக்குக் குடையாக நிற்கின்றது. ஆகவே அவுஸ்திரேலியாவைப் போல இந்நோய் இங்கே பெருகிவிடவில்லை. ஆனால் குடை பிடித்தவன் நனையவே மாட்டான் என்று எவரும் சொல்வதில்லை.

தோல் புற்றுநோயில் மிகக் கொடியது மெலனோமா. வெள்ளையருக்கு அது வெய்யில் பட்ட முதுகிலும் காலிலும் வருகின்றது. நம் போன்ற நிறத்தாருக்கோ வெய்யில் படாத இடத்திலே வருகின்றது. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகியவையே அதற்குப் பிடித்த இடங்கள். உலகப் புகழ்பெற்ற ஜமெய்க்கா நாட்டுப் பாடகர் பொப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்தின் அடியில் மெலனோமா இருப்பது 1977இல் கண்டறியப்பட்டது. 1981இல், 36ஆம் வயதில், அவர் மாண்டார். கருநிறத்தவருக்கு இந்நோய் அரிது. ஆனால் வந்தால் முற்றிய பின்னரே பிடிபடுகின்றது. நமக்கு வராது என்று நோயாளியும் எண்ணுகின்றார், சில வேளை வைத்தியரும் எண்ணுகின்றார். ஆகையால்தான் இந்தத் தாமதம்.

இன்னொரு வகை செதிட்கலப் புற்றுநோய். ஆண்டுக்கணக்காக ஆறாத புண்ணிலும், பழைய தீக்காயத் தழும்பிலும் அது முளைக்கும். 19ஆம் நூற்றாண்டில் அவ்வகைப் புண்ணை விவரித்த பிரெஞ்சு வைத்தியர் மார்ஜோலினின் பெயராலேயே அது அழைக்கப்படுகின்றது. தீக்காயம் பட்டு இருபது முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும் அது தோன்றலாம். தாய்மார்களே, இதைச் சற்றுக் கவனித்துக் கேளுங்கள். மின்சாரம் எட்டாத நம் குடிசைகளிலும் லயங்களிலும் ஒரு காலத்தில் எரிந்தது என்ன விளக்கு? போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரியிட்ட குப்பி விளக்கு. அது சரிந்து விழுந்து எத்தனை பிள்ளைகள் வெந்தனர்! அந்தக் கொடுமையைக் கண்டு மனம் பொறாத சத்திரசிகிச்சை வைத்தியர் விஜய கொடகும்புர அவர்கள், சரியாத பாதுகாப்பு விளக்கொன்றை அமைத்து நாடெங்கும் பரப்பினார். அதற்காக 1998இல் உலகப் பரிசும் பெற்றார். அக்காலத்தில் வெந்து பிழைத்த பிள்ளைகள் இன்று நடுவயதினர். அவர்களின் தழும்புகள் இன்றும் கவனிக்கப்பட வேண்டியவை.

உடுக்கும் உடையிலும் நமக்குப் பாடம் இருக்கின்றது. பம்பாயின் டாட்டா நினைவு வைத்தியசாலையைச் சேர்ந்த கானோல்கர் என்ற அறிஞர் 1945ஆம் ஆண்டில், இடுப்பிலே வேட்டியை இறுக்கிக் கட்டும் இடத்தில் ஓயாது உராய்ந்து உண்டாகும் தோல் புற்றுநோயைப் பற்றி எழுதினார். வைத்திய நூல்களில் அது வேட்டிப் புற்றுநோய் என்றே பெயர் பெற்றது. பாவாடை நாடா அறுத்த இடத்திலே பெண்களுக்கு வருவதைச் சேலைப் புற்றுநோய் என்கின்றனர். இவையெல்லாம் அரியனவே. ஆயினும் நம்முடைய உடலில், நம்முடைய உடையின் கீழ், நம்முடைய உழைப்பின் இடத்தில் வருவன.

இவற்றோடு இந்த மாவட்டத்துக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. மணல் ஈ கடிப்பதால் வரும் லீஷ்மேனியாசிஸ் என்னும் தோல் நோய், இலங்கையிலேயே தொற்றிய நோயாக 1992இல் முதன்முதலில் அறிவிக்கப்பட்டது. 2008 முதல் அது அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய். அது காணப்படும் மாவட்டங்களில் மாத்தளையும் ஒன்று. வயலிலும் சேனையிலும் நிற்கும் கமக்காரரின் கையிலும் முகத்திலும் வலியில்லாத பருவாகத் தோன்றி ஆறாத புண்ணாகின்றது. தொழுநோய் உணர்ச்சியற்ற தேமலாக வருகின்றது. புற்றுநோயும் வலியில்லாத கட்டியாக, ஆறாத புண்ணாக வருகின்றது. மூன்றும் கண்ணுக்குத் தெரியும். மூன்றும் தொடக்கத்தில் வலிப்பதில்லை. மூன்றுக்கும் வைத்தியம் வேறு. எது எது என்று உறுதியாகச் சொல்வதற்குப் பழகிய கண் வேண்டும். பல வேளைகளில் தோலிலிருந்து சிறு துணுக்கெடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் பார்க்கவும் வேண்டும். நாட்பட்ட புண்ணுக்கு மஞ்சள் அரைத்துப் பூசிக்கொண்டே இருப்பதனால் அது புலப்படாது.

சங்கிலி அறுந்த விதம்

இந்த ஊர்க் கமக்காரர் ஒருவரை மனத்திலே எண்ணிக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், அவர் நம்மில் எவராகவும் இருக்கலாம். 2020ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவருடைய குதிகாலிலே மிளகளவு கறுப்புப் புள்ளியொன்று தோன்றுகின்றது. சாதாரண காலத்தில் நடக்க வேண்டியது என்ன? அருகிலுள்ள அரச வைத்தியசாலையில் காட்ட வேண்டும். அங்கிருந்து கடிதம் பெற்று மாத்தளைக்கோ தம்புள்ளைக்கோ கண்டிக்கோ போய்த் தோல் நிபுணரைக் காண வேண்டும். அவர் தோல் துணுக்கெடுக்க வேண்டும். அத்துணுக்கு ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டும். அறிக்கை திரும்பி வர வேண்டும். நோய் உறுதியானால் கண்டி தேசிய வைத்தியசாலையிலோ மகரகமையிலோ சிகிச்சை பெற வேண்டும். ஆறு கணுக்கள் கொண்ட சங்கிலி இது. ஒரு கணு அறுந்தாலும் மற்ற ஐந்தும் பயன்படா.

மார்ச் 20ஆம் திகதி மாலை நாடெங்கும் ஊரடங்கு அமுலாயிற்று. பஸ் நின்றது. வீட்டை விட்டு இறங்குவதற்கு அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. கிளினிக்குகள் சுருங்கின. கிராமந்தோறும் கண்ணும் காதுமாக இருந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் மருத்துவ மாதர்களும் தொற்றாளரைத் தேடும் வேலைக்குத் திருப்பப்பட்டனர். அவர்கள் இரவு பகல் பாராது உழைத்தனர். அவர்களைக் குறை கூறுபவன் நன்றி கெட்டவன். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வேண்டிய மாத்திரைகள் தபால் வழியாக வீட்டுக்கு வந்தன. அதுவும் பாராட்டத்தக்க ஏற்பாடே. ஆனால் தபாற்காரர் மாத்திரையைக் கொண்டுவந்து தரலாம். நம் குதிகாலைக் கொண்டுபோய் நிபுணரிடம் காட்ட இயலுமா?

அச்சமும் சேர்ந்துகொண்டது. வைத்தியசாலைக்குப் போனால் தொற்றிக்கொள்ளும். தொற்று என்றால் முகாமுக்குக் கொண்டு போவார்கள். லயம் முழுவதும் அடைபடும். எல்லாருடைய வேலையும் போகும். இப்படி எண்ணித் தம் புண்ணைத் தாமே மறைத்தவர் பலர். முகக்கவசம் மூக்கையும் உதட்டையும் மூடிற்று. வெய்யிலில் நிற்பவர்க்குப் புற்றுப்புண் வரக்கூடிய இடங்களும் அவைதாம். பக்கத்து வீட்டார் பார்த்து, இது என்ன புண் என்று கேட்கும் வாய்ப்பும் போயிற்று.

ஜூன் இறுதியில் ஊரடங்கு நீங்கிற்று. ஒக்டோபரில் இரண்டாம் அலை எழுந்தது. 2021 சித்திரைப் புத்தாண்டை அடுத்து மூன்றாம் அலை. ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை நாடு மறுபடியும் பூட்டப்பட்டது. கதவு திறந்த இடைக்காலத்திலாவது நம் கமக்காரர் போயிருக்கலாமே என்பீர்கள். அப்போது வெங்காயம் நிலத்திலே நின்றது. போன போகத்துக் கடன் தலையிலே நின்றது. பின் வந்தது 2022. கொள்ளைநோய் தணிந்தது, பஞ்சம் தொடங்கிற்று. எரிபொருள் இல்லை, மருந்து இல்லை. அவ்வாண்டு மார்ச்சில் பேராதனைப் போதனா வைத்தியசாலை மருந்துத் தட்டுப்பாட்டினால் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்தி வைக்க நேர்ந்தது. மிளகளவு இருந்த புள்ளி மூன்று ஆண்டில் என்னவாகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மெலனோமாவின் விதியை நிர்ணயிப்பது அதன் ஆழம். அலெக்ஸாண்டர் பிரெஸ்லோ என்ற அமெரிக்க வைத்தியர் 1970இல் இதை எடுத்துக்காட்டினார். இன்றும் அவர் பெயரால் மில்லிமீற்றர் கணக்கிலேயே அதை அளக்கின்றனர். தோலோடு நிற்கையில் வெட்டி எடுத்தால் ஏறத்தாழ எல்லாரும் பிழைக்கின்றனர். தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவிய பின்னரோ, ஐந்தாண்டு கடந்து வாழ்பவர் அமெரிக்காவிலே கூட மூவரில் ஒருவரளவே. தாமதம் என்று நாம் சொல்லும் சொல்லுக்கு இந்த நோயிலே மில்லிமீற்றர் என்று பொருள்.

உலகம் தரும் சாட்சியம்

வழக்கென்றால் சாட்சி வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020 ஓகஸ்டில் வெளியிட்ட ஆய்வில் 105 நாடுகள் விடையளித்தன. அவற்றில் 90 விழுக்காடு நாடுகளில் சுகாதார சேவைகள் தடைப்பட்டிருந்தன. புற்றுநோயைக் கண்டறிதலும் சிகிச்சையும் தடைப்பட்டதாகச் சொன்னவை 55 விழுக்காடு. இங்கிலாந்திலே புற்றுநோய் என ஐயுற்று நிபுணரிடம் அவசரமாக அனுப்பப்பட்டோர் 2019 ஏப்ரலில் 1,99,217 பேர். 2020 ஏப்ரலில் 79,573 பேர் மட்டுமே. ஒல்லாந்து தேசத்தின் புற்றுநோய்ப் பதிவேட்டில் அந்த வசந்த காலத்தில் எல்லாப் புற்றுநோய்களும் குறைந்தாற்போலத் தோன்றின. மிகக் கூடுதலாகக் குறைந்தது தோல் புற்றுநோய். ஏன்? வலியில்லாத மச்சத்துக்காக இந்த நேரத்தில் வைத்தியருக்குத் தொந்தரவு கொடுப்பதா என்று மக்கள் வீட்டிலேயே இருந்துவிட்டனர்.

பாக்குநீரிணைக்கு அப்பால் இந்தியாவில் 41 புற்றுநோய் நிலையங்களின் கணக்கை எடுத்துப் பார்த்தனர். 2019 மார்ச் முதல் மே வரை புதிதாகப் பதிந்தவர் 1,12,270 பேர். 2020இல் அதே மூன்று மாதத்தில் 51,760 பேர். பாதிக்கு மேல் குறைவு! அந்த அறுபதினாயிரம் பேரின் நோய் தானாகக் கரைந்து போயிற்றா?

தொழுநோயையும் பாருங்கள். 2019இல் உலகெங்கும் இரண்டு இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட புதிய நோயாளர் கண்டறியப்பட்டனர். 2020இல் அத்தொகை 1,27,558 ஆயிற்று. 37 விழுக்காடு வீழ்ச்சி. ஓராண்டிலே தொழுநோய் அவ்வளவு குறைந்துவிட்டதாக எந்த அறிஞரும் சொல்லவில்லை. குறைந்தது நோயன்று, பார்க்கும் கண்.

1897ஆம் ஆண்டுச் சட்டம்

தோழர்களே! நாலந்தாவிலே நின்று கொள்ளைநோயைப் பற்றிப் பேசும்போது நம் முன்னோரை நினையாதிருக்க முடியாது. கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்டவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து, தம்புள்ளை வழியாக, இந்த நாலந்தாவைக் கடந்துதான் மாத்தளைக்குக் கால்நடையாகச் சென்றனர். வழியிலே வாந்திபேதி அவர்களை வாரிக்கொண்டு போயிற்று. எத்தனை தாய்மார், எத்தனை குழந்தைகள் இந்த வீதியின் இரு மருங்கிலும் அடையாளமின்றிக் கிடக்கின்றனர்! மாத்தளை முத்துமாரியம்மனின் வாசலில் நம்மவர் கண்ணீரோடு விழுந்ததற்கு இந்த வீதியே காரணம்.

1896இல் பம்பாயில் பிளேக் நோய் எழுந்தது. மறு ஆண்டே இந்தியாவில் கொள்ளைநோய்ச் சட்டம் பிறந்தது. இலங்கையிலும் 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தனிமைப்படுத்தல், நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம் பிறந்தது. பின்னர் மண்டபத்திலே முகாம் அமைத்து, இலங்கைக்கு வரும் தொழிலாளியைத் தடுத்து வைத்துச் சோதித்த பின்னரே கப்பலேற்றினர். அந்தச் சட்டத்தின் கண்ணில் உழைப்பாளி யார்? நோயைச் சுமந்து வருபவன். அவனும் நோயால் வருந்துபவன் என்ற எண்ணம் அதிலே இல்லை. 123 ஆண்டுகளின் பின், 2020இல், கொவிட் வந்தபோது நம் அரசு கையில் எடுத்ததும் அதே சட்டந்தான்.

அச்சட்டம் எதைச் செய்யலாம் என்று சொல்கின்றது? கப்பலை நிறுத்தலாம். வீட்டை அடைக்கலாம். ஆளைப் பிரிக்கலாம். ஊரைப் பூட்டலாம். இவை யாவும் வேண்டிய அதிகாரங்களே. ஆனால் பூட்டிய ஊருக்குள் மற்ற நோயாளரின் கதி என்ன? எந்தெந்த வைத்திய சேவை நிற்கலாகாது? நின்ற சேவையை எத்தனை நாளில் ஈடுசெய்ய வேண்டும்? இவற்றுக்கு அதிலே விடை காணேன். பூட்டும் அதிகாரம் இருக்கின்றது. பார்க்கும் கடமை இல்லை. தோல் நோய்க்கென நம் நாட்டிலிருந்த பழைய சட்டமும் அதே போக்குடையதுதான்: தொழுநோயாளரைப் பிரித்து அடைப்பதற்கென 1901இல் ஒரு கட்டளைச் சட்டம். தேமலைக் காட்டினால் சிறை என்ற அச்சம் நம் பாட்டன் பாட்டியின் நெஞ்சிலே பதிந்தது அவ்வாறுதான். அந்த அச்சத்தின் மிச்சத்தினால் இன்றும் நாம் புண்ணை மறைக்கின்றோம்.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளின் அத்தியாயத்திலும் சுகாதாரம் ஓர் உரிமையாக எழுதப்படவில்லை. அயல்நாட்டைப் பாருங்கள். மேற்கு வங்காளத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட விவசாயத் தொழிலாளி ஒருவரை அரச வைத்தியசாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக இடமில்லையென்று திருப்பி அனுப்பின. விவசாயத் தொழிலாளர் சங்கமே வழக்குத் தொடுத்தது. தக்க வேளையில் சிகிச்சை அளிக்கத் தவறுவது உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும் என்றும், பணமில்லையென்ற சாட்டு செல்லாது என்றும் இந்திய உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. கவனியுங்கள்: அந்த உரிமையை வென்று தந்தது ஒரு விவசாயத் தொழிலாளர் சங்கம்.

இந்த ஊரின் கெடிகேயை நீங்கள் நாள்தோறும் காண்கின்றீர்கள். பல்லவர் கோயிற்கலையின் சாயல்கொண்ட அந்தக் கற்கோயில் போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்கிவிடும் என்றபோது, அரசு அதைக் கல் கல்லாகப் பெயர்த்து மேட்டிலே மீண்டும் எழுப்பிற்று. நல்ல காரியம், வாழ்த்துகின்றோம். மூழ்கப் போவது எது என்று முன்கூட்டியே கணக்கெடுத்தமையால் அல்லவா அது இயன்றது? அதே முன்யோசனையை உயிருள்ள மனிதருக்கும் கேட்கின்றோம்.

எதிர்வாதங்களுக்கு விடை

மறுபக்கத்து வாதத்தையும் நேர்மையோடு எடுத்து வைக்கின்றேன். ஊரைப் பூட்டியிராவிட்டால் இன்னும் பல்லாயிரவர் மாண்டிருப்பர் என்பது ஒன்று. ஏற்றுக்கொள்கின்றேன். பூட்டியது பிழையென்று நான் வாதிடவில்லை. பூட்டியவர், கூடவே ஒரு சிறு வாசலையும் திறந்து வைத்திருக்க வேண்டும் என்றே சொல்கின்றேன். நெல்லுக்கும் மரக்கறிக்கும் அனுமதிச் சீட்டு இருந்தது. ஆறாத புண்ணுக்கும் ஒரு சீட்டு இருந்திருக்கலாம்.

அரிதான நோய்க்காக எல்லாருடைய தோலையும் சோதிப்பது வீண் செலவு என்பது மற்றொன்று. இதிலும் நியாயம் உண்டு. நோய்க்குறி இல்லாத எல்லாரையும் வரிசையில் நிறுத்தித் தோலைச் சோதிப்பதனால் உயிர்கள் காக்கப்படும் என்பதற்குப் போதிய சான்றில்லை என்று அமெரிக்க நிபுணர் குழுவே 2023இல் மறுபடியும் கூறியிருக்கின்றது. நாம் கேட்பது அதுவன்று. புள்ளியையும் புண்ணையும் கண்டு ஐயம் கொண்டவர், தாமதமின்றிப் பழகிய கண்ணின் முன் போய் நிற்க வேண்டும். அவ்வளவே. அதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். ஒரு நிபுணர், ஒரு கத்தி, ஒரு நுணுக்குக்காட்டி, ஒரு பஸ் கட்டணம் போதும்.

நம் கோரிக்கைகள்

ஆகவே இந்தக் கூட்டத்தின் சார்பில் ஐந்து கோரிக்கைகளை முன்வைக்கின்றேன்.

ஒன்று: 1897ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட வேண்டும். ஊரைப் பூட்டும் எந்த ஆணையும், நிற்கலாகாத வைத்திய சேவைகளின் பட்டியலைத் தன்னோடு கொண்டிருக்க வேண்டும். புற்றுநோய் என ஐயுற்றவரைச் சோதிப்பது அப்பட்டியலில் இடம்பெற வேண்டும். ஆணை நீங்கியபின், விடுபட்டவரைத் தேடி அழைக்கும் கடமையும் எழுதப்பட வேண்டும்.

இரண்டு: காத்திருப்புக்கு ஓர் எல்லை வேண்டும். இங்கிலாந்தில் ஐயுற்ற நோயாளியை இரண்டு வாரத்துக்குள் நிபுணர் காண வேண்டுமென்ற விதி பல ஆண்டுகள் இருந்தது. 2023 ஒக்டோபர் முதல், 28 நாள்களுக்குள் உண்டு அல்லது இல்லை என்ற விடையே தரப்பட வேண்டும் என்பது விதியாயிற்று. நம் நாட்டுக்கு ஏற்ற ஒரு நாளெல்லையை நம் அரசும் அறிவிக்கட்டும்.

மூன்று: தோல் நிபுணர் மாதத்தில் ஒரு நாளாவது நகரைவிட்டு நாவுல, நாலந்தா பக்கமும் தோட்டங்களின் பக்கமும் வர வேண்டும். வர இயலாத நாளில், தோட்டத்து வைத்திய உதவியாளரோ மருத்துவ மாதோ கைத்தொலைபேசியிற் படமெடுத்து நிபுணருக்கு அனுப்பும் ஒழுங்கான ஏற்பாடு வேண்டும். கொள்ளைநோய்க் காலத்தில் பல நாடுகள் இதைச் செய்தன.

நான்கு: தோல் துணுக்கெடுக்கப் போகும் தொழிலாளிக்கு அன்றைய பேர் விழ வேண்டும். ஒரு நாட் கூலியா உயிரா என்று கேட்கும் நிலையில் எந்த மனிதனையும் நிறுத்தலாகாது.

ஐந்து: அறிக்கையும் விளக்கமும் நோயாளிக்குப் புரியும் மொழியில் வேண்டும். 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தத்தின்படி, நிர்வாக மொழி சிங்களமாக உள்ள பகுதியிலும் அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ளவும் விடை பெறவும் நமக்கு உரிமையுண்டு. வாசிக்க இயலாத சீட்டை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு மறுமுறை கிளினிக்குக்குப் போகாதவர் எத்தனை பேர்!

நாம் செய்ய வேண்டியது

கேட்பதோடு நின்றுவிடலாகாது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கின்றது. 2019இலும் 2020இலும் 2021இலும் இந்த மாவட்டத்தில் எத்தனை தோல் துணுக்குகள் சோதிக்கப்பட்டன? அறிக்கை வரச் சராசரியாக எத்தனை நாள் ஆயிற்று? அறிக்கை வந்தும் திரும்பி வராதவர் எத்தனை பேர்? எந்தக் குடிமகனும் எழுதிக் கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. விடை தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாள்களுக்குள் தீர்மானிக்க அலுவலர் கடமைப்பட்டவர். இங்குள்ள ஆசிரியர்களையும் எழுதுவினைஞர்களையும் வேண்டுகின்றேன்: அந்த விண்ணப்பங்களை எழுத உங்கள் பேனாவைத் தாருங்கள். கமநல சேவை நிலையத்துக்கு உர மானியம் கேட்டு எழுதத் தெரிந்த நமக்கு இதுவும் தெரியும்.

வீட்டிலே ஒரு வழக்கத்தையும் தொடங்குங்கள். மாதம் ஒரு நாள், குளித்தபின், உள்ளங்கால், விரலிடுக்கு, நகம், உள்ளங்கை, இடுப்பு, பழைய தழும்பு ஆகியவற்றைப் பாருங்கள். முதுகை மனைவி பார்க்கட்டும். மனைவியின் முதுகைக் கணவன் பார்க்கட்டும். வளர்கின்ற புள்ளி, ஓரம் கோணிய புள்ளி, பல நிறம் கொண்ட புள்ளி, நகத்திலே அகன்று வரும் கருங்கோடு, ஒரு மாதத்திலும் ஆறாத புண், தழும்பிலே புதிதாகத் தடித்த இடம் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் வைத்தியரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் அது புற்றுநோயாக இராது. மணல் ஈயின் புண்ணாகவோ வெறும் மச்சமாகவோ இருக்கும். அப்படியானால் நிம்மதியோடு வீடு திரும்புங்கள். 2020 முதல் இன்றுவரை தள்ளிப்போட்டவர் எவரேனும் இங்கே இருப்பின், அடுத்த கிளினிக் நாளுக்கே போங்கள். கூட வர ஆளில்லையென்றால் நம் தோழர்கள் வருவார்கள்.

2023 மே 5ஆம் திகதி கொவிட் அவசரநிலை முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இந்த வீதியின் வழியே வாந்திபேதி வந்தது. பின்னர் கொவிட் வந்தது. இன்னொன்று வராது என்று எவராலும் உறுதி கூற இயலாது. அது வரும் நாளில் ஊர் மறுபடியும் பூட்டப்படலாம். அந்நாளிலும் திறந்திருக்க வேண்டிய வாசல் எது என்பதை அமைதி நிலவும் இந்நாளிலேயே சட்டத்தில் எழுதிவிட வேண்டும். அதற்கான தீர்மானத்தை இந்தக் கூட்டத்தின் முன் சமர்ப்பிக்கின்றேன். கை உயர்த்தி நிறைவேற்றித் தருமாறு வேண்டி அமைகின்றேன்.